கையை எடுங்க

காட்கோபர். மெட்ரோவையும் லோக்கலையும் சேர்க்கும் பாலம்.
ஜூலை மழை குடைகளிலிருந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது.
ஒருவர் சாய்ந்தார்.
சாய்ந்தார் என்பது பிழை. விழுந்தார்.
டிபன் கேரியர் மட்டும் முன்னால் உருண்டு
ஏழெட்டுப் படி இறங்கிப் போனது.

மூச்சு இருக்கு பார், என்றார்கள்.
வாய் திறந்து திறந்து மூடியது,
குழாயில் தண்ணீர் வருமுன் வரும் காற்றைப் போல.
அது மூச்சில்லை.
எனக்கு அது தெரிந்தது ஒரு சமோசாவால்:
அலுவலகத்தில் சனிக்கிழமைப் பயிற்சி.
ரப்பர் பொம்மையின் நெஞ்சை அழுத்தியபடி
கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

காவலர் வாக்மாரே பெட்டியை நோக்கி ஓடினார்.
இரண்டு வருடமாக அதன் கீழேதான் அவர் நாற்காலி.
திறந்தால் அலாரம் கத்தும், மேலே கேட்பார்கள்
என்று தூசிகூடத் துடைத்ததில்லை.
இன்று கத்தியது.
ஒரு கல்லூரிப் பையன் நூற்றியெட்டிடம்
எந்தப் படிக்கட்டு என்று சொல்லத் திணறினான்.

தேங்கிய நீரிலிருந்து ஓரத்துக்கு இழுத்தோம்.
முட்டி போட்டு அழுத்தினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு.
இருபது வருடமாக இந்த ஊர்; கனவே இந்தியில் வருகிறது.
எண்ணிக்கை மட்டும் தமிழ்.
பதினேழில் ஏதோ நொறுங்கியது.
எலும்பு கூடிவிடும், நிறுத்தாதே என்று சொல்லியிருந்தார்கள்.
பதினெட்டு.

பெட்டிக்குள் ஒரு பெண்குரல், ஆங்கிலத்தில்,
விமானத்தில் பெல்ட் போடச் சொல்லும் அதே அமைதி.
சட்டையைக் கத்தரித்தார் வாக்மாரே. நெஞ்செல்லாம் ஈரம்:
மழை, வியர்வை, யாரோ தெளித்த குடிதண்ணீர்.
ஈரத்தில் பட்டை ஒட்டாது. ஒட்டினாலும் மின்சாரம்
தோலோடு வழிந்துவிடும், இதயத்துக்குப் போகாது.
துணி, துணி என்று கத்தினேன்.
மூன்று கைக்குட்டை, ஒரு துப்பட்டா, எல்லாம் நனைந்தவை.
மீன்காரம்மாவின் தலைச்சும்மாடு ஒன்றுதான்
கூடைக்கடியில் காய்ந்திருந்தது.

பிறகு முடி. உள்ளேயே ரேசர் இருந்தது.
வாக்மாரே நடுங்கிக்கொண்டே இரண்டு இழுப்பு.
வலது காறை எலும்பின் கீழே ஒன்று,
இடது அக்குளுக்குக் கீழே விலாவில் ஒன்று.
படம் பார்த்துத்தான் ஒட்டினேன்.

ஆய்வு நடக்கிறது, தொடாதீர்கள், என்றது குரல்.

அவர் மனைவி தொட்டுக்கொண்டிருந்தார்.
ஹன்ஸாபேன். பெயர் பிறகுதான் தெரியும்.
இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டை.
குஜராத்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார்,
மாத்திரைக் கணக்கு போல: காலையில் ஒன்று, இரவில் ஒன்று.
கையை எடுங்க. ஹாத் ஹடாவோ. சோடா, சோடா.
எனக்கிருந்த மொழியெல்லாம் தீர்ந்தது.
மீன்காரம்மா பின்னாலிருந்து இடுப்போடு அணைத்து,
கூடை தூக்குவது போலத் தூக்கி, நகர்த்தினார்.
குனிந்து பார்த்தேன்:
என் முட்டி அவர் முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது.

பொத்தான் மின்னியது.
இன்னொரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். யாருமில்லை.
அழுத்தினேன்.
சினிமாவைப் போல எகிறவில்லை. ஒரு சின்ன உதறல்,
தூக்கத்தில் கொசு கடித்தவருக்கு வருவது.
உடனே மறுபடி நெஞ்சு. ஒண்ணு, ரெண்டு.
கை சோர்ந்தபோது பையன் மாறினான்.
இரண்டு நிமிடம் கழித்து மறுபடி எல்லாரும் விலகினோம்.
ஷாக் தேவையில்லை, என்றது.
தேவையில்லை என்றால்?
திரும்பினாரா, போனாரா?
அதைப் பெட்டி சொல்வதில்லை. அழுத்து என்றது.

ஆம்புலன்ஸ்காரர்கள் பட்டைகளைப் பிரிக்காமலே கொண்டுபோனார்கள்.
விரல் அசைந்ததாக வாக்மாரே சொல்கிறார்.
ஸ்ட்ரெச்சரின் ஆட்டமாகவும் இருக்கலாம்.

கதவு மூடுமுன் பார்த்தேன்.
ஹன்ஸாபேன் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்,
கையிரண்டையும் தன் மடிக்குள் ஒளித்துக்கொண்டு.
இப்போது தொடலாம் என்று
பெட்டி அப்போதே இரண்டு முறை சொன்னது, ஆங்கிலத்தில்.
யாரும் அவருக்குப் பெயர்த்துச் சொல்லவில்லை.
நானும்.