பெயருக்கு முன் ஒரு கோடு

மரண அறிவித்தல்களை இப்போது
மென்பொருள்தான் எழுதுகிறது.
குறை சொல்லமாட்டேன்.
பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட எல்லாரையும்
நாலே செக்கனில்
இறைவனடி சேர்த்துவிடும்.
ஒற்றுப்பிழை விடாது, மருமக்களை மறக்காது.
பேரப்பிள்ளைகளை மூப்புமுறையில் நிறுத்தி
அடைப்புக்குறிக்குள் நாடு போடும்:
கனடா, நோர்வே, கனடா, பிரான்ஸ்.

எனக்கு மிஞ்சிய வேலை
கஸ்தூரியார் வீதி அலுவலகத்தில்
இரவு பதினொரு மணிக்கு ஒருதரம் பார்த்து
'சரி'யை அமத்துவது.

கைதடி இராசலோசனி, வயது எழுபத்து நாலு.
விபரத்தை மகன் ஸ்காபரோவிலிருந்து
குரல்பதிவாக அனுப்பியிருந்தான்.
சாவு ஏற்கெனவே வட்ஸ்அப்பில்
ஊரைச் சுற்றி முடித்துவிட்டது.
பேப்பருக்கு வருவது
ஒரு கையெழுத்து வாங்கத்தான்.

குரலைக் கேட்டு மென்பொருள் எழுதியது:
'காலஞ்சென்ற சபாநடேசனின் அன்பு மனைவியும்.'

திருப்பிப் போட்டுக் கேட்டேன்.
குரலில் அந்தச் சொல் இல்லை.
தகப்பன் பெயருக்கு முன்னால்
ஒரு மூச்சு மட்டும் இருந்தது.

அழித்தேன். திரும்ப வந்தது.
அழித்தேன்.
'ஆண். பிறப்பு 1946.
1996க்குப் பின் பதிவு எதுவும் இல்லை.
விடுபட்ட விபரம் நிரப்பப்பட்டது'
என்றது, மரியாதையாக.
உள்ளார், காலஞ்சென்றார்:
இரண்டே கட்டம்.
ஒன்றில் புள்ளடி போடாமல்
பக்கம் நகராது.

போன் எடுத்தேன். அங்கே மத்தியானம்.
"அப்பாவுக்கு என்ன போட?"
பின்னால் ஏதோ யந்திரம் இரைந்தது.
"எந்தப் போம் நிரப்பினாலும் அம்மா
அந்த இடத்தில ஒரு கோடு கீறுவா.
கச்சேரியில, பாங்கில,
ஆணைக்குழு ஆக்கள் வந்தபோதும் கோடுதான்.
கோடு போடுங்கோ அக்கா.
அடைப்புக்குறி வேண்டாம்.
என்ன நாடெண்டு போடுறது?"

அச்சுக்குப் போகும் பக்கத்தில்
நானே ஒரு கோடு வைத்தேன்,
மென்பொருளுக்குத் தெரியாமல்
என்றுதான் நினைத்தேன்.
இணையப் பக்கத்தை அது தானே கட்டும்.
அங்கே சபாநடேசன் காலஞ்சென்றார்,
முந்நூறு பேர் கைகூப்பிப் பகிர்ந்தார்கள்.
கடதாசியில் இன்னும் இல்லை.

காலையில் சுண்டுக்குளியிலிருந்து ஒரு வாசகர்:
"பேருக்கு முன்னால கோடொண்டு கிடக்கு.
முந்தி நீங்கள் இப்பிடி
அச்சுப்பிழை விடமாட்டியள்."
ஓம் என்றேன்.

அடுத்த இரவு கொக்குவிலிலிருந்து ஒரு அறிவித்தல்.
மனைவி காலமானார்.
கணவர் பரராசசிங்கம், பிறப்பு 1949,
பதிவு எதுவும் இல்லை.
திரையின் ஓரத்தில் மெல்ல ஒரு கேள்வி வந்தது:
'கோடு இடவா?'

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி இருந்தேன்.
பிறகு அந்த வீட்டு இலக்கத்தை அமத்தினேன்.
நெடுநேரம் அடித்தது.
"ஓம், பரராசசிங்கம்தான்,"
என்றது தடிமன் பிடித்த ஒரு குரல்.
"சொல்லுங்கோ, ஆர் கதைக்கிறது?"