பதினொரு டிகிரி

வில்னிஸ் அதை பிஸ்கட் டப்பா என்கிறான்.
நான் ஆசிலேட்டர் என்கிறேன்.
மூடியில் ஒரு நரி
இஞ்சி பிஸ்கட்டைக் கவ்வியபடி ஓடுகிறது.
அதன் கண்ணில் துளையிட்டு
சிவப்பு விளக்கு பொருத்தினேன்.

இரண்டாவது டப்பாவுக்கு மூடியில்லை.
பணிமனைக் குப்பையிலிருந்து
ஏழாம் எண் டிராமின் பெயர்ப்பலகையை வெட்டி
முகப்பாக்கினேன்.
'ஏழு' பாதியில் நிற்கிறது,
அதன் காலடியில் ஃபில்டரின் குமிழ்.

ரீகாவில் அந்த வருடம்
குளிர் முந்திக்கொண்டது.
நகராட்சி வெந்நீர் திறக்கவில்லை.
கோட்டோடு சமையலறையில் உட்கார்ந்து
இருபத்திரண்டு வயர்களைச் செருகிப் பிடுங்கிச் செருகி,
பற்றாசுப் புகை கண்ணைக் கரிக்க,
நள்ளிரவு தாண்டி எப்போதோ
அது வந்தது.

எப்படிச் சொல்வது.
இரண்டு பேர் ஒரே படிக்கட்டில்
வேறு வேறு வேகத்தில் இறங்குகிறார்கள்,
ஆனாலும் ஒவ்வொரு தளத்திலும்
ஒருவரை ஒருவர்
இடித்துக்கொள்கிறார்கள்.
அப்படி ஒரு சத்தம்.
கீழே, மிகக் கீழே,
பாலம் கடக்கும் சரக்கு ரயிலின் அடிவயிறு.

ரெக்கார்டரில் பேட்டரி இல்லை.
பரவாயில்லை என்று
வயர்களைப் படமெடுத்தேன்.
குமிழ் ஒவ்வொன்றுக்கும்
நகப்பூச்சால் புள்ளி வைத்தேன்.
ஆய்வுக்கூடத்துப் பெண் போல
தேதி, நேரம், ஜன்னலோர வெப்பமானி:
பதினொன்று.

நான்கு நாளில் ரேடியேட்டர் இருமியது,
தட்டியது, சூடானது.
அதே வயர், அதே புள்ளி.
சத்தம் மட்டும் வேறு யாருடையதோ.
படிக்கட்டில் ஒருவர் மட்டும் இறங்கினார்,
அவரும் அவசரமாக.

"சூட்டில் ஸ்ருதி நழுவும்," என்றான் வில்னிஸ்.
அவன் பெயருக்கு அலை என்று பொருள்,
அந்த உரிமையில் பேசுவான்.
"இரண்டு டிரான்சிஸ்டரையும்
முதுகோடு முதுகு ஒட்டிவிடு.
ஒன்று சுட்டால் மற்றதும் சுடும்,
ஒன்று குளிர்ந்தால் மற்றதும்.
கல்யாணம் மாதிரி."
இரண்டு முறை விவாகரத்து ஆனவன்.

ஒட்டினேன்.
குளிர்காலம் முழுக்க அசையவில்லை ஸ்ருதி.
அழகாக, சுத்தமாக,
பல் மருத்துவமனையின் வரவேற்பறை போல
இருந்தது.

பிப்ரவரியில் கத்தி முனையால்
இரண்டையும் பிரித்தேன்.
வெளியே மைனஸ் பதினான்கு.
ஜன்னலைத் திறந்தேன், முழுசாக.

பத்தொன்பது. பதினாறு.
மேசையில் இருந்த தேநீர் ஆவி விடுவதை நிறுத்தியது.
பதின்மூன்றில் படிக்கட்டில்
இரண்டாவது காலடி கேட்டது.
பதினொன்று —
ஒரு நிமிடம் இருக்குமா?
கூடவே அது ஒன்பதை நோக்கிச் சரிந்து போக,
கீழ்த்தளத்திலிருந்து
குழாயில் கரண்டி அடி.

ஸ்கைத்ரீதே வந்தாள்,
இரவு உடைக்கு மேல் கம்பளிக் கோட்டு.
சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.
"சத்தம் கிடக்கட்டும்.
உன் ரேடியேட்டரைத் தாண்டித்தானே
எனக்கு வெந்நீர் வருகிறது?
ஊருக்கெல்லாம் நீ சூடு வைத்தால்
என் மிளகாய் நாற்று என்னாவது?
பதினான்கு தொட்டி.
வாசலில் நின்று பேசவைக்கிறாய் வேறு."

அதுவரை நினைத்ததில்லை.
என்னிலிருந்து வெளியேறுவது
அவளுக்குள் நுழைகிறது:
ஐந்து மாடி,
ஒரே வயரில் செருகியது போல.

ஜன்னலைச் சாத்தினேன்.
அவள் உள்ளே வந்து
நாற்காலியில் உட்கார்ந்து
ஹங்கேரிய விதையின் விலை,
முளைக்காத ஆறு,
போன வருட அசுவினிப் பூச்சி என்று
விடாமல் பேசிக்கொண்டிருந்தாள்.
அறை மெல்ல ஏறியது,
ஒன்பது, பத்து.

அப்புறம் அவள் முதுகுக்குப் பின்னால்
இரண்டு பேர் படிக்கட்டில் இறங்கினார்கள்.

ரெக்கார்டர் கைக்கெட்டும் தூரத்தில்.
பேட்டரியும் புதுசு.
அவளோ அசுவினியை எப்படி
சோப்பு நீரில் கழுவுவது என்ற இடத்தில் இருந்தாள்.
தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் போன பிறகு
மிளகாய் நாற்று எவ்வளவு குளிர் தாங்கும்
என்று தேடினேன்.
பதினெட்டுக்குக் கீழே கூடாதாம்.

ஏப்ரலில் வெந்நீரை நிறுத்துவார்கள்.
நரியின் வாலுக்குப் பக்கத்தில்
ஒரு வெப்பமானியை ஒட்டியிருக்கிறேன்.