விரல் ஆழம்

வாட்சோ ஊரில் சூரியன் விடுப்பில் போய்
ஆறு வாரம்.
ஜன்னலோரம் ஓர் ஊதா விளக்கு
பன்னிரண்டு தொட்டிகளுக்குப் பகல்வேலை பார்க்கிறது.

"விரலை விட்டுப் பாருங்கள்,
ஈரமிருந்தால் ஊற்ற வேண்டாம்" என்றேன் பிள்ளைகளிடம்.
யாருடைய விரல் என்று சொல்லவில்லை.

சுன்னிவாவின் விரல் என் விரலில் பாதி.
அவளுக்கு எட்டிய மண்
எப்போதும் காய்ந்தே இருந்தது.
கள்ளிக்குத் தினமும்
ஒரு பால் குவளைத் தண்ணீர்.

பெரணியை நாங்கள் மறந்தே போனோம்.
கழிவறை மூலையில், அழுக்கு பல்பின் கீழே,
காயப்போட்ட கையுறைகளின் ஆவி குடித்து
அது சுருள் சுருளாய் அவிழ்ந்துகொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை கள்ளி சாய்ந்தது.
அடியெல்லாம் கூழ்.
"கொடுத்தேனே," என்றாள் சுன்னிவா,
"கொடுத்துக்கொண்டே இருந்தேனே."

ஐலோ எங்கிருந்தோ
ஒரு மரப் பின்னலூசி கொண்டுவந்தான்.
அடிவரை குத்தி எடுத்தான்.
மேலே வெளுப்பு, கீழே கறுத்த ஈரம்.
அவள் அதை வெகுநேரம்
கையில் வைத்திருந்தாள்.

ஜனவரிக் கடைசியில் சூரியன் வந்தது,
அரைமணி நேரத்துக்கு.
முற்றத்துக்கு ஓடினோம்.
ஐலோ கண்ணை மூடி முகத்தை ஏந்தினான்.
சுன்னிவா தொப்பியை இறக்கிக்கொண்டு
சுவர் நிழலுக்குப் போனாள்.

கூப்பிட வாயெடுத்தேன்.
விட்டுவிட்டேன்.