கடைசிப் பக்கத்துச் சொல்

சர்வர் கிடையாது என்றேன்.
கோயம்புத்தூர் ஆபீஸ் அதைக் காதில் வாங்கவில்லை.
யார் படித்தார், எத்தனை நிமிடம்,
எந்தக் கேள்வியில் வழுக்கினார், எத்தனையாவது தடவையில் எழுந்தார்,
எல்லாம் பட்டியலாக
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

சோலூர்மட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில்
சிக்னல் என்பது
எடைமேடைக்குப் பின்னால் நிற்கும் சில்வர் ஓக்கின்
கிழக்கு வேரில் ஏறி நின்றால் கிடைக்கிற ஒரு கோடு.
மஞ்சு இறங்கினால் அதுவும் இல்லை.

பாடத்தைப் பென் டிரைவில் போட்டு
பென் டிரைவை ஸ்வெட்டர் பையில் போட்டு
கோத்தகிரியில் பஸ் ஏறினேன்.
இருபத்திரண்டு பக்கம்.
உருளைகளுக்கு நடுவே இழுபடும் ஒரு பொம்மைக் கை.
நிறுத்து என்கிற சிவப்புப் பொத்தான்.
தப்பாகத் தொட்டால் ‘மறுபடி பாருங்கள்’ என்று சொல்லும்
ஜலதோஷம் பிடித்த என் சொந்தக் குரல்.

கணக்கு வைக்க இடமில்லாத பாடத்துக்கு
ஒரு தந்திரம் செய்திருந்தேன்:
எல்லாப் பதிலும் சரியானால்தான்
கடைசிப் பக்கத்தில் ஒரு சொல் தெரியும்.
அதை நோட்டில் எழுதி, எதிரே கையெழுத்து.
நான் ஒளித்துவைத்த சொல்
தவிட்டுப்பழம்.

பெள்ளிராஜ் மேஸ்திரி
லேப்டாப்பின் மேலிருந்த டீத்தூளை ஊதினார்.
என்டர் பட்டன் இல்லாத பள்ளத்தைத்
தீக்குச்சியால் குத்தினால் வேலை செய்தது.

முதல் ஆள் தவமலர்.
மவுஸை இரண்டு விரலில் பிடித்தாள்,
கொழுந்து கிள்ளும் பிடி.
பொம்மைக் கையை மூன்று தடவை
உருளைக்குத் தின்னக் கொடுத்தாள்.
நாலாவதில் தப்பவைத்துவிட்டுத் திரும்பிச் சொன்னாள்:
‘நல்லவேளை மேடம், இத யாரும் எழுதி வைக்கல.’

ஜன்னலை மூடியதும்
பாடம் அவளை மறந்துவிட்டது.
அந்த மறதியை
நான் எழுதவில்லை. அதுவாகவே இருந்தது.

பத்து நாள் கழித்து நோட்டு வந்தது.
அறுபத்துமூன்று கையெழுத்து.
தவிட்டுப்பழம் என்றவர்கள் பதினொரு பேர்.
மற்ற ஐம்பத்திரண்டும்
தவிட்டுப்பளம், தவிட்டுப்பளம், தவிட்டுப்பளம்.
திரையில் நான் ழகரம்தானே போட்டேன்?
பிடித்துவிட்டேன் என்று
அடுத்த பஸ்ஸில் ஏறினேன், திட்ட வேண்டியதையெல்லாம்
கொண்டை ஊசி வளைவுகளில் ஒத்திகை பார்த்தபடி.

டிரையர் ரூமுக்கு வெளியே
பச்சைச் சுவரில் சாக்பீஸ்:
கடைசி வார்த்தை தவிட்டுப்பளம்.

அதற்குக் கீழே, வேறு கையெழுத்தில்:
கேள்வி 14க்கு கம்ப்யூட்டர்ல பொத்தான் அமுக்குனா நின்னுரும்.
நம்ம ரெண்டாம் நம்பர் மிசின் நிக்காது.
பொத்தான் மார்கழியிலருந்து செத்துக் கெடக்கு.
தூணுக்குப் பின்னாடி மெயின் சுவிச்ச எறக்கு.
நைட் ஷிப்டுக்கும் சொல்லு.

அதற்கும் கீழே
சொன்னேன், லோகிதாசன்.
சொன்னேன், ஆலம்மா.
சொன்னேன், சொன்னேன்,
ஈரத்தில் பாதி கரைந்த இன்னும் நாலு பேர்.

பெள்ளிராஜ் துணியோடு ஓடிவந்தார்.
இருக்கட்டும் என்றேன்.
யார் எழுதியது என்று கேட்கவில்லை.
பொத்தானைப் பற்றித்தான் கேட்டேன்.
‘சொல்லி வச்சிருக்கோம்’ என்றார்
எதிர் மலையைப் பார்த்து.

அவர் மேஜையிலேயே உட்கார்ந்து
பதினாலாம் பக்கத்தைப் பிரித்தேன்.
பொம்மைக் கை அப்படியே இருந்தது.
பொத்தானை எடுத்துவிட்டு
அவர்கள் தூணை, அவர்கள் சுவிட்சை
செல்போனில் படம் பிடித்து வைத்தேன்.
குரலையும் மாற்றினேன்.
மிஷின் சத்தம் உள்ளே வந்துவிட்டது, வரட்டும்.
கடைசிச் சொல்லை மட்டும்
ளகரமாக்கினேன்.

பிறகு கோயம்புத்தூர் கேட்ட பட்டியல்.
நிமிடம்: தெரியாது.
தடவை: தெரியாது.
தேர்ச்சி: அறுபத்துமூன்று.
தேறாதவர் கட்டத்தில் ஒரே பெயர்:
ரெண்டாம் நம்பர் மிஷின்,
சரியாகும்வரை ஓட்டக் கூடாது.

வேரில் ஏறி நின்று அனுப்பினேன்.
ஒரு கோடு வந்தது, போனது.
சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
கீழே சங்கு ஊதி
நைட் ஷிப்ட் உள்ளே போகத் தொடங்கியது.
இறங்கி அவர்கள் பின்னால் நடந்தேன்,
தூண் வரைக்கும்.