எடைச்சீட்டு

பகாவ் பட்டணத்திலிருந்து பதினொரு கிலோமீட்டர்,
செம்பனை மில்லின் எடைப்பாலத்தில்
லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கிழிப்பவள் நான்.
எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்.
அதனால்தானோ என்னவோ,
எட்டு மாதமாய்க் கூட்டுப் பிடித்துச் சேர்த்த காசைத்
தண்ணீரில்தான் போடுவதென்று முடிவெடுத்தோம்.

தியோமான். செப்டம்பர்.
காற்றுக்காலம் முந்திக்கொள்வதற்குள்.
விடுதி ஒரே நாளில் முடிந்தது,
படகுதான் முடியவில்லை.

கூட்டத்தோடு போகும் படகு, தலைக்கு நூற்றைம்பது வெள்ளி.
முப்பது பேர், ஐந்து நிறுத்தம்,
விசில் ஊதினால் கரையேறிவிட வேண்டும்.
"விசிலா?" என்றாள் லோகநாயகி.
கொதிகலன் பக்கம் பத்தொன்பது வருஷம் அவள்.
"ஊதுறதக் கேக்கவா அவ்ளோ தூரம் போகணும்?"

தனிப் படகு, மொத்தம் ஆயிரத்து நூறு,
நாலரை மணி நேரம்.
எண்ணெய் அவர்களுடையது, சோறு நம்முடையது.
எட்டுப் பேரென்றால் நூற்று முப்பத்தேழரை.
ஏழென்றால் நூற்று ஐம்பத்தேழு, சில்லறை.

கேள்விகளைப் பழைய சீட்டொன்றின் முதுகில் எழுதினேன்:
கழிப்பறை உண்டா.
கூரை பாதியா முழுசா.
ஆறு பேருக்கு நீச்சல் தெரியாது,
தெரிந்த இருவரில் ஒருத்தி பொய் சொல்கிறாள், பரவாயில்லையா.
நம் பாட்டைப் போடலாமா, எவ்வளவு சத்தமாய்.
சேலையோடு குதித்தால் யாராவது ஏதாவது சொல்வார்களா.

படகுக்காரர் சுல்ஹில்மி, போனில், பொறுமையாய்
எல்லாவற்றுக்கும் போலே, போலே என்றார்.
பிறகு அவர் ஒன்று கேட்டார்:
சின்னப் படகு, ஆளுக்கு எத்தனை கிலோ?

வாட்சப்பில் போட்டதும்
என்னோடு சேர்த்து ஏழு பேர் எண்ணை எழுதினோம்,
ஆளுக்கு ஐந்து கிலோ குறைத்து.
தனபாக்கியம் எழுதவில்லை.
மறுநாள் பசியாறும் நேரத்தில் சொன்னாள்:
"எனக்குக் கடல் ஒத்துக்காது.
என் காச மவளோட பல்லுக் கம்பிக்கு வெச்சிக்கிறேன்."
கடலைப் பார்த்தே இராதவள்.
ரொட்டியைக் குழம்பில் முக்கினாள், தின்னவில்லை.

யாரும் வற்புறுத்தவில்லை.
சரி, முப்பது பேர் படகே போதும் என்று நானும் சொன்னேன்.
ஏழு வெள்ளி வித்தியாசத்தைப் பற்றி
ஒரு மணி நேரம் பேசினோம்,
அவளைப் பற்றிப் பேசாமலிருக்க.

சனிக்கிழமை இரவு, கடைசி லாரி போன பின்
எடைப்பாலத்தின் விளக்கை நான் அணைக்கவில்லை.
நாற்பது டன் தாங்கும் இரும்புத் தளம்.
சிலிப்பரோடு, சாப்பாட்டுத் தூக்கோடு,
ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு ஏறினார்கள்.
தனபாக்கியம் விளிம்பில் ஒரு காலை வைத்து நின்றாள்.
"ஓரமோ நடுவோ, அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்டி" என்று கத்திவிட்டு,
பொத்தானை நேபாளக் காவலரிடம் காட்டிக்கொடுத்து
நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

ஐந்நூற்று அறுபது.

பத்துக் கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது.
யார் எவ்வளவு என்பதும் தெரியாது.
குலைகளைக் கொட்டிவிட்டு லாரி திரும்பும்போது
சில நாள் தரையில் சிந்திக் கிடக்கும் காயே
இதைவிட அதிகம் இருக்கும்.

சீட்டு வந்தது.
வண்டி எண், ஒன்றுமில்லை.
பொருள், ஒன்றுமில்லை.
ஓட்டுநர் கையொப்பம் இடத்தில்
காவலர் சிரித்துக்கொண்டே தன் பெயரை எழுதியிருந்தார்.
தனபாக்கியம் அதை வாங்கி, விளக்குக்கு நேரே பிடித்து,
இரண்டு தரம் படித்தாள்.

"சேல நனைஞ்சா எடை கூடுமே" என்றாள்.

சுல்ஹில்மிக்கு ஐந்நூற்று அறுபது என்று தட்டினேன்.
கொஞ்சம் யோசித்து, அழித்து,
ஐந்நூற்று எழுபது என்று அனுப்பினேன்,
முன்பணம் முந்நூறோடு.