காட்சி இல்லாத அறை

பென்ஷன் நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பத்து.
மாதம் பத்தாம் திகதி வரும்.
என்னைப் போல அதுவும்
வளர்ந்து முடித்துவிட்டது.

ஹட்டனில் பதினாறு வருஷம் இருந்த அறை
டிசம்பரோடு சரி.
வீட்டுக்காரர் மகன் கட்டாரிலிருந்து வந்து
மாடியைச் சுற்றுலாக்காரருக்குத் திறக்கப் போகிறான்.
கெட்ட பையன் இல்லை.
கட்டில் இறக்க ஆள் தருவதாகச் சொன்னான்.

ஒரு கொப்பி வாங்கினேன்.
இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் வாடகை,
நடுவில் பஸ் காசு.

பண்டாரவளையில் ஒற்றை அறை,
முன்னால் பேரிக்காய் மரம், ஜன்னல் நிறைய மலை.
இருபத்தாறாயிரம்.
மலைக்கு மட்டும் எவ்வளவு என்று கேட்டேன்.
புரோக்கர் சிவனு யோசித்துத்தான் சொன்னான்:
"மலை ஒரு ஒன்பதாயிரம் வரும் அக்கா."

அன்றிலிருந்து எங்கே போனாலும் முதல் கேள்வி,
காட்சி இல்லாத அறை இருக்கிறதா?

ஹப்புத்தளைக்குக் கீழே முழு வீடு, ஆறாயிரம்.
பின்சுவரில் போன வருஷத்துக் கலண்டர்.
தூக்கிப் பார்த்தேன்.
வெடிப்பில் என் சுண்டுவிரல் போனது.
மண்சரிவுக்காரர்கள் அளந்துவிட்டுக்
கடிதம் அனுப்பினார்களாம், பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள்.
பழைய பழக்கம்.
பதிவுத் தபாலா, யார் கையெழுத்துப் போட்டு வாங்கியது
என்று கேட்டுவிட்டேன்.

தலவாக்கலையில் நூற்றுப் பன்னிரண்டு படி.
நான் எண்ணுவதை எண்பதில் விட்டேன்,
முழங்கால் விடவில்லை.

நானுஓயாவில் எல்லாம் பொருந்தியது.
பன்னிரண்டாயிரம், தனிக் குழாய், கூப்பிடு தூரத்தில் ஸ்டேஷன்.
குசுமாவதி பிளேன்டீயும் கருப்பட்டித் துண்டும் வைத்தாள்.
வயது கேட்டாள். அறுபத்து மூன்று.
தனியாகவா? தனியாக.
"தப்பாக எடுக்க வேண்டாம் மிஸ்,
ராத்திரியில் ஒன்று ஆகிவிட்டால்
நாங்கள் யாருக்குச் சொல்வது?"
வத்தளையில் தம்பி மகள் இருக்கிறாள் என்றேன்.
"கோல் எடுத்தால் எடுப்பாளா?"
சரியான கேள்வி, அதனால் கோபம் வரவில்லை.
தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

திரும்பி வரும் ரயிலில் இருக்க இடம் இல்லை.
ஜன்னலெல்லாம் வெளிநாட்டுக் கைகள், கமராக்கள்.
கடந்துபோகும் லயங்களைப் பார்த்தேன்.
முப்பத்தொரு வருஷம் தபால் கந்தோரில்
அந்த லயங்களின் கடிதங்களைப் பிரித்திருக்கிறேன்.
பெயர், டிவிசன், தோட்டம். அதோடு முடிந்தது.
ஒரு கதவுக்கும் இலக்கம் கிடையாது.
தோட்டத்துக் கந்தோர் மேசையில் நாலு நாள் கிடந்து
என் தம்பியின் நேர்முகப் பரீட்சைக் கடிதம்
பரீட்சைக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தது.
நான் தபால் சோதனை எழுதியது அந்த வருஷம்தான்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
சிவனுவிடம் சொன்னேன், நின்றுகொண்டே.
அவன் பயறு வாங்கித் தந்தான்.

இத்தனை அலைந்து கடைசியில்
ஹட்டனுக்குப் பக்கத்துக் கொட்டகலை.
பஸ்ஸில் கால் மணி நேரம்.
பேக்கரிக்குப் பின்னால், பதினோராயிரம்.
ஜன்னலைத் திறந்தால் கருங்கல் மதில்,
கை நீட்டினால் பாசி தட்டும்.
கதவில் சுண்ணாம்பால் 14/3ஏ.

டொமினிக் முதலாளி குறைகளை அவராகவே சொன்னார்.
வெயில் வராது.
மழைக்கு மதில் கசியும்.
மூன்று மாத அட்வான்ஸ், குறைக்க முடியாது.
அவர் பேசும்போது இடச்சுவரில் கை வைத்தேன்.
சூடாக இருந்தது. அந்தப் பக்கம் போறணை.
அதற்கும் சேர்த்துத்தான் வாடகையா
என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் சேர்ப்பார்.

"இன்னொன்று," என்றார் தயங்கி,
"ரெண்டு மணிக்கே பையன்கள் எழும்பி
மா பிசையத் தொடங்குவார்கள்.
விடியும்வரை சத்தம், பேச்சு.
ராத்திரியில் சுவரைத் தட்டித் திட்டுவீர்களோ தெரியாது."

தட்டினால் கேட்குமா என்றேன்.

நன்றாகவே கேட்கும் என்றார்.

கொப்பியை எடுத்து
வாடகைக்குப் பக்கத்தில் எழுதினேன்:
ரெண்டு மணி.