தோணியெலும்பு

கடை பூட்டி, கொஞ்சம் கடல்காற்று வாங்குவமென்று போன இரவு
கோட்டை வாசலடியில் மான் குறுக்கே வந்தது.
பிரேக்கை இறுக்கினேன். மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம்,
நான் ஒரு பக்கம்.
விழுகிறவன் யோசித்து விழுவதில்லை.
உள்ளங்கை தானாய் முந்திப்போய்
நிலத்திடம் கடன் கேட்பதுபோல் விரிகிறது.
நிலம் கொடுத்தது.

மான் நின்று பார்த்தது,
ஈர்க்குப் போல நாலு கால்,
ஒன்றும் முறியாமல்.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள்.
"முறிவில்லை, சுளுக்கு" என்றார் இரவு டொக்டர்.
பனடோல் பன்னிரண்டு, ஒரு பன்டேஜ்.
நல்ல செய்தியை யார் இரண்டாம் தரம் கேட்பார்?

ஒன்பது நாள் கொத்துப் போட்டேன்.
பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவனுக்கு
என் தகட்டுச் சத்தம்தான் வழி சொல்லும்.
பத்தாம் நாள், முட்டைக் கொத்தின் நடுவில்,
வலக்கைத் தகடு நழுவிக் கல்லில் விழுந்தது.
காசிம் நானா கல்லாவை விட்டு எழும்பி வந்தார்.
அவர் எழும்பி நான் கண்டதில்லை.

பெருவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு பள்ளம்,
ஒரு சிட்டிகை மூக்குத்தூள் கொள்ளும்.
பெரிய டொக்டர் அதில் விரலை வைத்து அமத்தினார்.
அவருடைய தாய்வழி முழுவதையும் திட்டினேன்.
தமிழ் தெரியாத மனிசன். "ஹரி, ஹரி" என்றார்,
திட்டினதே விடை என்பதுபோல.

புதுப்படத்தில்
தலைமயிர் ஒன்று விழுந்து கிடந்தமாதிரிக் கோடு.
அன்றைக்கே முறிந்ததுதான்.
முறிவும் முகம் காட்ட நாள் எடுக்குமாம்.

துண்டின் பின்புறத்தில் டொக்டர் கீறினார்,
இடை ஒடுங்கி, இரு முனையும் உயர்ந்து.
"ஒருவ" என்றார்.
"தோணி" என்றாள் தாதி டெல்சியா.
மணிக்கட்டுக்குள் எட்டு எலும்பு, அதில் ஒன்று இது.
நாற்பத்திமூன்று வருசம் இந்தத் துறைமுகத்தைச் சுற்றியவன்;
எனக்குள்ளும் ஒன்று கட்டிக் கிடந்தது தெரியாது.

அவர் சிங்களத்தில் ஏற்ற, அவள் தமிழில் இறக்கினாள்:
"இதுக்கு ரத்தம் விரல் பக்கத்தால ஏறி
பின்னுக்குத் திரும்பி வரும்.
நடுவில முறிஞ்சா இங்கால துண்டு பட்டினி.
உங்கட கிண்ணியாப் பாலம் உடைஞ்சமாதிரி."
பாலம் வராத காலத்தில்
பாதைக்குக் காத்து நின்றவன் நான்.
அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை.

பன்னிரண்டு கிழமை மாவுக்கட்டு.
கிளினிக் வாங்கில் பக்கத்தில் ஒரு பொடியன்,
பச்சைக்குச்சி மாதிரி முழுசாய் முறியாமல் வளைந்த கை,
மூன்று கிழமையில் கழற்றிக்கொண்டு ஓடினான்.
சக்கரக் கதிரையில் இளைப்பாறிய கணக்கு டீச்சர் ஒருவர்.
"விழுந்து இடுப்பு முறிஞ்சதெண்டு எல்லாரும் சொல்லுகினம்.
முறிஞ்சுதான் விழுந்தனான், தம்பி.
எலும்பு பாண் மாதிரி ஓட்டையாம்.
நாப்பது வருசம் சோக்குக்கட்டி பிடிச்சனான்,
சுண்ணாம்பு முழுக்கப் பலகைக்குப் போயிட்டுது."
அவரே முதலில் சிரித்தார்.

கடையில் றிஸ்மி என் தகடுகளோடு நின்றான்.
வலது இரண்டு, இடது ஒன்று, பிறகு ஒரு மூச்சு:
அந்த மூச்சு அவனுக்கு வரவில்லை.
நான் இடக்கையால் பில் எழுதினேன்.
என் ஏழை யாரும் ஒன்றென்றே வாசித்தார்கள்.

கட்டு வெட்டும் வாள் தோலை வெட்டாது,
அதிரும், அவ்வளவுதான். ஆனாலும் கண்ணை மூடினேன்.
உள்ளிருந்து வந்த கை யாருடையதோ.
மெலிந்து, மயிர் நீண்டு,
மழையில் நனைந்த பலகை மணத்தோடு.
மூன்றாம் படத்தில் கோடு இன்னும் இருந்தது,
கொஞ்சம் மங்கி.
டொக்டர் தலையைச் சாய்த்து "பலமு" என்றார்.
டெல்சியா மொழிபெயர்க்கவில்லை.
பார்ப்போம் என்ற சொல்
இந்த நாட்டில் எல்லாருக்கும் இரண்டு மொழியிலும் தெரியும்.

இரவு, நடந்தே கோட்டை வாசலுக்குப் போனேன்.
மான் சோற்றுத்தாள் தின்றுகொண்டிருந்தது.
கையை நீட்டினேன், இந்த முறை விழாமல்.
மணந்து பார்த்தது.
மறுபடி தாளுக்கே போய்விட்டது.